கொமடோர் 64இல் கெட்ட ராம் எது? கண்டுபிடிக்கும் வழிகளில் எது முதலில்?

1980களின் வீட்டுக் கணினியான இந்த மெஷினைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கிறது. ராம், அதாவது தற்காலிக நினைவகம், போய்விட்டது என்று சந்தேகம். சரி, உள்ளே 4164 என்ற ராம் சிப் எட்டு இருக்கிறதே, அதில் எது? ஒவ்வொரு பைட்டுக்கும் ஒவ்வொரு சிப்பும் ஒரு பிட் தருகிறது. அதனால் ஒன்று செத்தாலே 64 கிலோபைட்டும் பழுதுதான்.

திருகோணமலையில் இந்த வேலை பார்க்கிறவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. உப்புவெளிப் பக்கம் கடற்காற்றில் வருஷக்கணக்காய்க் கிடந்த போர்டுகளில் சிப் கால்கள் பச்சை பூத்திருக்கும். சூடு காட்டினால் அடியில் இருக்கும் செப்புத் தகடும் சேர்ந்து கிளம்பிவிடும். ஆகவே சிப்பைக் கழற்றி டெஸ்டரில் போட்டுப் பார்ப்பது எவ்வளவு திருத்தமான வழியானாலும் எனக்கு அது கடைசிதான்.

விரலால் தொட்டுப் பார்ப்பது செலவில்லாத வழி. உள்ளே ஷோர்ட் ஆன சிப் மற்றவற்றைவிட நன்றாகச் சுடும். ஆனால் குளிர்ச்சியாகவே செத்துக் கிடக்கும் சிப்பை விரல் காட்டித்தராது.

அடுத்தது, நல்ல 4164 ஒன்றைச் சந்தேகமான சிப்பின் மேல் கால்கள் ஒட்டும்படி கவிழாமல் ஏற்றிவைப்பது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். சிப் முனையிலுள்ள வெட்டுக்குறி இரண்டிலும் ஒரே பக்கம் இருக்கட்டும். மெஷின் ஓடத் தொடங்கினால் அடிச்சிப்தான் கெட்டது. அடிச்சிப் ஷோர்ட் ஆகித் தன் தரவுக் கோட்டைப் பிடித்து வைத்திருந்தால் மேலே வைத்தது ஒன்றும் செய்யாது. 'மாற்றம் இல்லை, எனவே அது நல்ல சிப்' என்று முடிவுகட்டி நான் இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன். ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு பழைய கணினியின் கீழ்ப்பகுதி நினைவகத்தில் இருக்கும் 4116 சிப் மேல் 4164ஐ ஒருபோதும் வைக்கவேண்டாம். அங்கே எட்டாம் காலில் 12 வோல்ட் வரும். 4164 அதே காலில் 5 வோல்ட்தான் கேட்கிறது.

என் தேர்வு டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ், அதாவது மெஷினில் செருகும் சோதனைப் பெட்டி. ராம் வேலை செய்யாவிட்டாலும் அது ஓடத் தொடங்கும். பிறகு திரை சிமிட்டும். எத்தனை தரம் சிமிட்டுகிறதோ அதுவே கெட்ட சிப்பின் அடையாளம். இதிலும் ஒரு பொறி உண்டு: ராமுக்கு முகவரி கொடுக்கும் 74257 சிப் கெட்டாலும் பழி ராம் மேல் விழலாம். அதனால் சிமிட்டல் காட்டியதை மேலேற்றிப் பார்த்தும் உறுதிசெய்வேன்.

எல்லாவற்றுக்கும் முன் பவர் பெட்டியை மீற்றரால் அளந்துவிடுங்கள். 5 வோல்ட் கோடு 5.25ஐத் தாண்டினால் அதை மெஷினில் செருகவே வேண்டாம். புது சிப்பும் போய்விடும்.

போன மாதம் உவர்மலையிலிருந்து வந்த போர்டில் சிப்பை உருக்கிக் கழற்றவில்லை. கால்களை உடலோடு வெட்டி, ஒவ்வொன்றாய் எடுத்து, சொக்கெட் வைத்தேன். போட்டதும் நீலத் திரையில் 38911 பைட்ஸ் ஃப்ரீ என்று வழக்கமான தொடக்கச் செய்தி வந்தது.