கப்பலில் லாப்ஸ்டர்: இலவசப் பந்தியா, காசு கொடுக்கும் மேசையா?

கரீபியன் கடலில் ஏழு இரவுப் பயணம் போய் வந்தோம். அதில் லாப்ஸ்டரை இரண்டு முறை சாப்பிட்டேன். ஐந்தாம் இரவு பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில். அது டிக்கெட்டிலேயே சேர்ந்தது. ஆறாம் இரவு அதே கப்பலில் இறைச்சி சுட்டுத் தரும் ஸ்டேக் உணவகத்தில், தனியாகக் காசு கொடுத்து. முந்தின இரவு ஏமாந்த எரிச்சலில்தான் மறுநாள் அங்கே மேசை பிடித்தேன். அதனால் என் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். பெரும்பாலான கப்பல்களில் கூடத்து லாப்ஸ்டர் ஒரே ஒரு இரவுதான் வரும், அதுவும் கோட்டு மாட்டிக்கொண்டு போகும் ஃபார்மல் நைட் அன்று. ஏழு இரவுப் பயணத்தில் வழக்கமாக இரண்டு ஃபார்மல் நைட் உண்டு. அதில் அநேகமாக இரண்டாவது. பஃபேயில் தேடிப் போகாதீர்கள். ஸ்டேக் உணவகத்தில் எந்த இரவும் கேட்கலாம், ஆனால் விலையில் கொஞ்சம் உஷார் தேவை. சில கப்பல்களில் நுழைவுக் கட்டணத்திலேயே லாப்ஸ்டர் அடங்கிவிடும். சிலவற்றில் அதற்கு மேலும் ஒரு தொகை போடுவார்கள். அப்புறம் 18 முதல் 20 சதவீதம் வரை சேவைக் கட்டணம் வேறு பில்லில் ஏறும்.

எந்த இனம் என்பதிலும் ஒரு சர்ச்சை உண்டு. கரீபியன் கடலில் பிடிபடுவது கொடுக்கு இல்லாத வகை, நம் சிங்கி இறாலின் சொந்தம். நீண்ட மீசை, முள் முள்ளாக ஓடு, கறியெல்லாம் வாலில். மெனுவில் மெய்ன் (அமெரிக்க மாநிலத்தின் பெயர்) லாப்ஸ்டர் என்று போட்டிருந்தால் அது வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வளர்வது. இரண்டு பெரிய கொடுக்குகளிலும் கறி இருக்கும். குளிர்நீர் வகைதான் உசத்தி என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. நான் சாப்பிட்டதும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான், எனவே இதில் என் பேச்சை நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: அடுப்பிலிருந்து இறங்கித் தட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது.

கூடத்தில் நடப்பதைப் பாருங்கள். எங்களுக்கு இரண்டாம் பந்தி, இரவு எட்டேகாலுக்கு. பல நூறு பேர் ஒரே சமயத்தில் உட்காருகிறோம். மற்ற இரவுகளில் ஒருவர் மீன் கேட்பார், ஒருவர் கோழி கேட்பார், இன்னொருவர் பாஸ்தா. அன்றைக்கு மட்டும் எங்கள் பக்கத்து மேசைகளில் எல்லார் வாயிலும் ஒரே சொல். இத்தனை வாலையும் கேட்ட பிறகு சுட்டுக் கொடுக்க எந்தச் சமையலறையாலும் முடியாது. முன்கூட்டியே சுட்டுச் சூட்டுப் பெட்டியில் அடுக்கி வைக்கத்தான் வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களில் சுகாதாரச் சோதனை நடத்தும் சிடிசி என்ற அமெரிக்க அரசு நோய்த் தடுப்பு அமைப்பின் விதிப்படி, சூடாகக் காத்திருக்கும் உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. விதி சரியானதுதான், வயிற்றைக் காப்பாற்றுகிறது. ஆனால் லாப்ஸ்டர் கறி பதமாக வேகும் சூடே ஏறக்குறைய 60 டிகிரிதான். அப்படியென்றால் பெட்டிக்குள் அது வெறுமனே காத்திருக்கவில்லை, விடாமல் வெந்துகொண்டே இருக்கிறது. குழம்பில் கிடக்கும் ஆட்டுக்கறி இதைத் தாங்கும்; நேரம் ஆக ஆக மெத்தென்று ஆகும். கொழுப்பு மிகக் குறைவான லாப்ஸ்டர் நீரை விட்டு இறுகி ரப்பராகிவிடும்.

என் தட்டில் வந்தது அதுதான். வெயிட்டர் முள்கரண்டியும் ஸ்பூனும் வைத்து ஓட்டிலிருந்து கறியைப் பிரித்துத் தருவார், பார்க்கவே அழகான கைவேலை. என்னுடையது பிரிய மறுத்தது. இரண்டு முறை நெம்பிய பிறகு பாதி வந்தது, மீதி ஓட்டோடு ஒட்டிக்கொண்டது. ஓரங்கள் காய்ந்து சுருண்டிருந்தன. உருக்கிய வெண்ணெய்க் கிண்ணத்தில் எத்தனை முக்கியும் நார் பல்லிடுக்கில் மாட்டியது. இன்னொரு வால் கேட்டேன், சிரித்துக்கொண்டே கொண்டுவந்தார், அதுவும் அப்படியே. (சில கப்பல்களில் இரண்டாவது வாலுக்குக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், கேட்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

மறுநாள் ஸ்டேக் உணவகத்தில் மொத்தமே முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள், கேட்ட பிறகுதான் நெருப்பில் வைக்கிறார்கள். இருபது நிமிடம் காத்திருந்தோம். வந்த வாலின் ஓடு இன்னும் சிறு சத்தத்தோடு பொரிந்துகொண்டிருந்தது. முள்கரண்டியால் ஒரு தள்ளு, முழுக் கறியும் கையுறை கழற்றுவது போல வெளியே வந்தது. உள்ளே ஈரம் பளபளத்தது. கடித்தால் லேசாக எதிர்த்து, அப்புறம் விட்டுக்கொடுக்கும் அந்தப் பதம்!

“இது உயிரோடு கப்பலில் ஏறியதா?” என்று வெயிட்டரிடம் ஆசையாகக் கேட்டேன். “இல்லை சார், நேற்று கூடத்தில் போட்ட அதே சரக்குதான், உறைந்து வந்தது” என்றார். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதே குளிர்கிடங்கு, அதே வால், வேறுபட்டது காத்திருந்த நேரம் மட்டும்.

கூடத்துக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். லாப்ஸ்டரை இதுவரை தொடாதவர் என்றால் காசு போகுமே என்ற பயமில்லாமல் ருசி பார்க்க அதுதான் இடம். பிடிக்கவில்லையென்றால் தட்டைத் தள்ளிவிட்டு வேறு ஏதாவது கேட்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் அங்கேதான் வசதி. பந்திக்கு முந்து என்பதும் இங்கே பலிக்கலாம்: நினைத்த நேரத்தில் வரும் வசதி இருக்கும் கப்பலில், கதவு திறந்ததும் போய் உட்கார்ந்தால் பெட்டியில் கிடந்த நேரம் குறையும் என்று நினைக்கிறேன். முதல் பந்தியில் சாப்பிட்ட என் மைத்துனர் நன்றாகத்தான் இருந்தது என்றார். அவர் எதையும் நன்றாக இருந்தது என்பவர், அதனால் அரை மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை சாஸோடு ஓட்டிலேயே வைத்துத் தரும் தெர்மிடோர் மெனுவில் இருந்தால் கூடத்தில் அதைக் கேட்பது புத்திசாலித்தனம். கிரீமும் சீஸும் காய்ந்த கறியை ஓரளவு மறைத்துவிடும்.

அடுத்த பயணத்துக்கு ஸ்டேக் உணவகத்தில் முதல் இரவே மேசை சொல்லி வைத்திருக்கிறேன். கப்பல் ஏறும் நாளன்று கட்டணத்தில் தள்ளுபடி தருகிறார்கள். ஃபார்மல் நைட் அன்று கூடத்தில் எனக்கு ஆட்டுக்கறி போதும். என் பங்கு வாலை வீணாக்காமல் தன் தட்டில் போடச் சொல்ல வேண்டும் என்று மனைவி இப்போதே சொல்லிவிட்டாள்.