தவக்காலத்துக்கு எது: கறி விடுவதா, சிலுவைப்பாதையா, உண்டியலா?

ஈஸ்டருக்கு முன் கத்தோலிக்கர் நோன்பிருக்கும் 40 நாள்தான் தவக்காலம். அதன் முதல் நாளான திருநீற்றுப் புதனும், இயேசு இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு), வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் (இறைச்சி விடுவது). இவை திருச்சபை விதித்தவை; 18 வயது முதல் 59 வரை ஒருசந்தி, 14 வயதிலிருந்து சுத்தபோசனம். இதற்கு மேல் நாமாக எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

நம் வீடுகளில் முதலில் வருவது தவக்காலம் முழுக்கக் கறி விடுவது. ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40 நாள் கணக்கு வரும், ஆனாலும் பலர் ஞாயிறன்றும் தொடுவதில்லை. நல்லதுதான். ஆனால் மீனுக்குத் தடையில்லை என்று வஞ்சிரம் வறுத்தால் ஆட்டுக்கறி விலை வந்துவிடுகிறது. பன்னீர், காளான் என்று போனாலும் செலவு குறைவதில்லை.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயேசு சிலுவை சுமந்த வழியை நினைத்து ஜெபிக்கும் பதினான்கு தலங்கள், ஊரோடு சேர்ந்து முழங்கால் போடுவது, எளிதில் விட்டுப்போகாத பழக்கம். மாலை ஷிஃப்டு வேலைக்காரர்களுக்குத்தான் சிரமம்.

நான் சாய்வது உண்டியல் பக்கம். பல பங்குகளில் (ஊர்க் கோயில் சமூகங்களில்) தவக்காலத் தொடக்கத்தில் வீட்டுக்கொரு அட்டை உண்டியல் தருவார்கள். கறி வாங்காத ஞாயிறு, அந்தக் காசை அன்றைக்கே, பூசைக்குக் கிளம்பும் முன் அதில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று விட்டால் மளிகைக் கணக்கில் கரைந்துபோகும். ஒறுத்தலில், அதாவது நாமாக ஒன்றை விடுவதில், நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நான் விட்ட சாப்பாடு இன்னொருவர் தட்டுக்குப் போகிறதா? பைபிளில் எசாயா 58 கேட்பதும் இதுதான், பசித்தவரோடு உணவைப் பகிரும் நோன்பு. கறியை மட்டும் விட்டால் மிச்சக் காசு என் பையிலேயே கிடக்கிறது. உண்டியல் வைத்தால் ஒருசந்திக்கும் தர்மத்துக்கும் கணக்கு ஒன்றாகிறது. சின்னப் பிள்ளைகளுக்கும் இது உடனே புரிகிறது. அப்பா, போட்டாச்சா என்று அவர்களே கேட்பார்கள்.

ஒரு குறை உண்டு. உண்டியலை ஒப்படைத்த பிறகு காசு யார் கைக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. பாதியைப் பங்குக்கும் பாதியைத் தெரிந்த வீட்டுக்கும் கொடுப்பது எங்களுக்கு ஒத்துவந்தது. வாங்குபவர் பெயர் வீட்டுக்குள் பேச்சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தர்மத்தை மறைவாகச் செய் என்னும் மத்தேயு 6 இதில் கறார்.

வாட்ஸாப்பை விடுவது, தினமும் பூசைக்குப் போவது பற்றி உறுதியாகச் சொல்ல என்னிடம் அனுபவமில்லை. செய்தவர்களைக் கேளுங்கள். முதியவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் பட்டினியில் இறங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உண்டியலுக்கு அந்தத் தொல்லை இல்லை.