தொடர்வதா, நிறுத்துவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா?

ஐ.சி.யூ.வில் அப்பா வென்டிலேட்டரில் இருக்கிறார். டாக்டர் கூப்பிட்டு, "நீங்கள் எல்லோரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்கள்" என்கிறார். நம் குடும்பங்கள் அப்போது யோசிப்பது பெரும்பாலும் இரண்டே வழிகளைத்தான்: கடைசி வரை பார்ப்பது, இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது. இன்னும் இரண்டு வழிகள் உண்டு.

கடைசி வரை பார்ப்பது, மீளக்கூடிய நோய்க்குச் சரி. நிமோனியா, பாம்புக்கடி என்றால் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும்போது, தொண்டையில் துளை போடுவதும் டயாலிசிஸும் குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிவைப்பதும் அவருக்கு வேதனையைத்தான் கூட்டும். வெளிநாட்டு மகன் வந்து முகம் பார்க்கட்டும் என்றே பல நாட்கள் இப்படி ஓடுகின்றன.

குழப்பமாக இருந்தால் நான் முதலில் சொல்வது கெடு வைத்த சிகிச்சையை. மூன்று நாளோ ஐந்து நாளோ முழு மூச்சாகப் பார்ப்பது. எதை வைத்து முன்னேற்றம் என்போம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீர் பிரிகிறதா, ரத்த அழுத்த மருந்தின் அளவு குறைகிறதா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? கெடு முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும்.

சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஆம்புலன்ஸில் ஒருவர், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை (Ambu bag) வழியெல்லாம் அமுக்கிக்கொண்டே வருவார். வீட்டில் இறக்கியதும் குழாயை எடுப்பார்கள். அதன்பின் மூச்சுத்திணறலைத் தணிக்க மார்ஃபின் இல்லை, தொண்டைச் சளியை உறிஞ்ச ஆளில்லை. சொந்தக் கட்டிலில் போகட்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் அதற்கு வலிதணிப்பு மருத்துவக் குழுவும் மருந்தும் முன்கூட்டியே ஏற்பாடாக வேண்டும்.

மருத்துவமனையிலேயே உயிர்காக்கும் கருவிகளை விலக்கி, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. மீள வழியில்லை என்று மருத்துவமனையின் முதன்மை டாக்டர் குழுவும் இரண்டாவது டாக்டர் குழுவும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள். குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கு மருத்துவமனை தகவல் தந்தால் போதும். எல்லா மருத்துவமனையிலும் குழு தயாராக இருக்காது, கேட்டு வற்புறுத்த வேண்டியிருக்கும். இருந்தாலும் மீள வழியில்லாதபோது, வீட்டுக்குக் கொண்டுபோவதைவிட இதையே தேர்ந்தெடுப்பேன். சாகிறவருக்கு மருந்து கிடைக்கிறது. "அண்ணன்தானே கையெழுத்துப் போட்டான்" என்ற பழியும் ஒருவர் தலையில் விழாது.

எந்த வழியானாலும் "நமக்கு என்ன வேண்டும்" என்று பேசத் தொடங்கினால் சண்டைதான் வரும். அப்பா வாய் திறந்தால் என்ன சொல்வார் என்று கேட்டுப்பாருங்கள், பேச்சின் போக்கே மாறும். எப்போதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, "எனக்கு இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்க வேண்டாம்" என்று அவர் சொன்னது யாருக்காவது நினைவிருக்கும்.

சுயநினைவோடு இருக்கும்போதே இந்த விருப்பத்தை ஒருவர் தானே எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்க வேண்டும். தன் சார்பில் முடிவெடுக்க ஒருவருக்கு மேற்பட்டவர்களின் பெயரைக் குறிப்பிடலாம். அவர்களிடம் ஒரு பிரதி, குடும்ப டாக்டரிடம் ஒரு பிரதி.