விற்பவர் வீட்டில் இருக்கும்போது பார்ப்பதா, இல்லாதபோது பார்ப்பதா?

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் வீடு வாங்கத் தேடி அலைபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். வீட்டுக்காரர் இருக்கும்போது போனால்தான் வீடு பார்த்த மாதிரி என்பது ஒரு கட்சி. அவர் இருந்தால் சுவரைத் தட்டிப் பார்க்கவும் கூச்சம், வாய் திறக்கவும் கூச்சம், ஆகவே சாவியைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு அவர்கள் வெளியே போய்விட வேண்டும் என்பது மற்றக் கட்சி. வெளிநாட்டில் இருந்து வந்து வாங்குகிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்சிதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் முதல் தடவை வீட்டுக்காரர் இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆனால் அவர் பின்னாலேயே அறை அறையாக வரக்கூடாது, முன் ஹோலில் இருக்க வேண்டும். இரண்டாவது தடவை அவர் இல்லாமல் பார்க்கலாம். ஏன் இந்த ஒழுங்கு என்று சொல்கிறேன்.

வீட்டுக்காரருக்குத் தெரிந்தது புரோக்கருக்குத் தெரியாது. எந்த மாதத்தில் பைப்பில் தண்ணீர் மெலிந்து வருகிறது, மோட்டரை எத்தனை மணிக்குப் போட வேண்டும், பக்கத்து வளவு மாமரத்தின் வேர் யாருடைய மதிலைத் தள்ளுகிறது, பெருமழைக்கு ஒழுங்கையில் வெள்ளம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் அந்த வீட்டில் குடியிருந்தவர் மட்டும் சொல்லக்கூடியவை. வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய் ஓரங்களில் இந்தக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. மரைன் டிரைவ் பக்கத்துத் தொடர்மாடி என்றால் கேட்க வேண்டியது வேறு: கடல் உப்புக்கு யன்னல் கம்பியும் பிணைச்சலும் எப்படித் துருப்பிடிக்கின்றன, ஏசியின் வெளிப்பெட்டியை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். இப்படிக் கேட்டால் நேர்மையான வீட்டுக்காரர் உட்கார்ந்து கதையாகவே சொல்வார். மழுப்புகிறவர் மழுப்புவதும் முகத்தில் தெரியும்.

இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. கள்ள உறுதியில், அதாவது பொய்யான காணிப் பத்திரத்தில், காணி விற்ற கதைகள் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். உறுதியில் பெயர் உள்ள மனிதர் தன் வீட்டில், தன் கதிரையில் இருந்து, அயலவர் கூப்பிட்டால் தன் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பதைக் கண்ணால் காண்பது ஒரு பாதுகாப்பு. காணிப் பதிவகத்தில், உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசு 30 வருஷப் பதிவுகளைத் தேடிப் பார்க்கத்தான் போகிறார், அதை ஒருபோதும் விடக்கூடாது. ஆனால் பதிவேட்டில் இருக்கும் பெயரும் வீட்டில் இருக்கும் ஆளும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை முதலில் வருவது இந்த ஹோலில்தான்.

சரி, அப்படியென்றால் பின்னாலேயே வந்தால் என்ன? வந்தால் இரண்டு பக்கமும் கெடும். சில வீட்டுக்கார ஐயாமார் நமக்கு முன்னால் ஓடி ஒவ்வொரு அறையிலும் லைட்டைப் போடுவார்கள். நாம் நிமிர்ந்து ஒரு வெடிப்பைப் பார்த்தால், கேட்க முன்னரே பதில் வரும்: “அது ஒண்டுமில்லை தம்பி, பெயின்ற் அடிச்சாச் சரி.” சீலிங்கில் பழுப்பு வட்டமாகத் தெரிந்தால், “அது பழசு, இப்ப ஒழுக்கில்லை.” பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. தன் வீட்டைக் குறை சொல்லிவிடுவார்களோ என்ற பதற்றம். அந்தப் பதற்றத்தில் நமக்குப் பார்க்கவும் முடிவதில்லை, அவருக்கு மூச்சு விடவும் முடிவதில்லை.

வாங்க வந்தவர்கள் செய்யும் காயம் இதைவிட மோசம். உறவுக்கார வீடு ஒன்று விற்பனைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். வீட்டு அம்மா தேத்தண்ணித் தட்டோடு குசினியில் இருந்து வருகிறார். வந்தவர் சாமியறை வாசலில் நின்று, விளக்குப் புகை படிந்த சுவரைக் காட்டி மனைவியிடம் சொல்கிறார்: “இதை உடைச்சு ஒரு பாத்ரூம் போடலாம்.” அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வந்தவர்களுக்கு வீடு நன்றாகப் பிடித்திருந்தது, பின்னர் பலமுறை ஆள் விட்டுக் கேட்டார்கள். அவர்களுக்கு மட்டும் ஒரு சதம் குறைக்க அம்மா சம்மதிக்கவே இல்லை. வாங்கிய பிறகு அந்த அறையை என்ன செய்வது என்பது வாங்கியவர் உரிமை. ஆனால் இன்னும் விளக்கு எரிகிற அறை அது. எதை உடைப்பது, எதை மாற்றுவது என்ற பேச்சு கேற்றைத் தாண்டி, ஓட்டோவில் ஏறிய பிறகுதான்.

“அவர்கள் சிங்கள ஆட்கள், எங்கள் கதை விளங்காது” என்று தமிழில் குறை சொல்லிக்கொண்டு நடப்பவர்களும் உண்டு. கொழும்பில் அதை நம்பாதீர்கள். வெள்ளவத்தையில் நாற்பது வருஷம் இருந்த சிங்கள அன்ரிக்கு நம்மைவிட நல்ல தமிழ் தெரிந்திருக்கும்.

இனி மற்றப் பக்கம். வீட்டுக்காரர் இல்லாமல், புரோக்கரோடு மட்டும் பார்ப்பதில் உள்ள நன்மை உண்மையான நன்மை. எல்லாப் பைப்பையும் ஒன்றாகத் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்கலாம். ஃபிளஷ் இழுக்கலாம். மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிப்போய்ச் சுவர் ஊறலைத் தட்டிக் கேட்கலாம், கதவு நிலையில் கறையான் இருக்கிறதா என்று குத்திப் பார்க்கலாம். யன்னலைச் சாத்திவிட்டு ஐந்து நிமிஷம் பேசாமல் நின்று, கடற்கரைப் பாதையில் போகும் ரயிலின் சத்தம் படுக்கையறைக்குள் எவ்வளவு வருகிறது என்று கேட்கலாம். மனைவியோ அம்மாவோ மனதில் உள்ளதை அங்கேயே சொல்லலாம். இதையெல்லாம் வீட்டுக்காரரின் கண் முன்னால் செய்வது கரைச்சல்.

ஆனால் முதல் தடவையே இப்படிப் போனால் வீட்டைப் பற்றிய கதை முழுக்கப் புரோக்கர் வாயால்தான் வரும். அவருக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது. தரகுப் பணம் விற்பவரிடம் 2 அல்லது 3 வீதம் கேட்பது வழக்கம், சிலர் வாங்குபவரிடமும் கேட்பார்கள். உழைப்புக்குக் கேட்கும் கூலிதான், அதில் பிழை இல்லை. என்றாலும் ஒழுக்கைப் பற்றி விளக்கமாகச் சொல்ல அவருக்கு அவசியமும் இல்லை, பல நேரம் தெரியவும் தெரியாது. அதோடு ஆளில்லாத வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் சந்தேகம் கடைசியாக வந்தவர் மேல்தான் விழும். ஆகவே ஆளில்லாத வீட்டுக்கும் மரியாதை ஒன்றுதான்: செருப்பை வாசலில் கழற்றுங்கள், அலுமாரியைத் திறக்காதீர்கள், அவர்கள் பாத்ரூமைப் பாவிக்காதீர்கள், திறந்த பைப்பும் போட்ட லைட்டும் அணைந்ததா என்று நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

கொழும்புத் தமிழ் வீடுகளில் மூன்றாவது வகை ஒன்றும் நிறைய உண்டு. சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார், சாவி இங்கே தங்கையிடம் இருக்கும். அற்றோணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம், கொடுத்திருந்தால் தங்கையே கையெழுத்து வைக்கலாம், கொடுக்காவிட்டால் அவர் கதவு திறந்துவிடுகிற ஆள் மட்டும்தான். எது என்று முதலே மெதுவாகக் கேட்டுவிடுங்கள்: “அக்கா, பேப்பர் அலுவல் எல்லாம் நீங்கள்தானே பார்க்கிறீர்கள்?” என்றால் போதும். ஆம் என்றால், தத்துவம் பதிவானதுதானா என்பதை நொத்தாரிசு பார்த்துக்கொள்வார். தங்கையிடம் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவது அநியாயம். அண்ணனிடம் கேட்காமல் அவர் ஒரு சொல் சொல்ல மாட்டார், சொன்னால் வீட்டுக்குள் சண்டை. அண்ணனோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கக் கேளுங்கள், பின்னேரமாகப் பார்த்து. கொழும்பில் காலை 10 மணி என்றால் ரொறன்ரோவில் நள்ளிரவை ஒட்டிய நேரம்.

வாடகைக்கு ஆட்கள் இருக்கும் வீடு நான்காவது. அங்கே விற்பவரும் இல்லை, வீடு வெறுமையாகவும் இல்லை. குடியிருப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லி அனுமதி வாங்காமல் போய்க் கேற்றடியில் நிற்கக்கூடாது. அவர்கள் ஒழுக்கை மறைக்க மாட்டார்கள், அந்த வகையில் நல்ல சாட்சி. ஆனால் வீட்டை விட்டு எழும்ப மனமில்லாவிட்டால் சின்ன ஒழுக்கும் பெருவெள்ளமாகும் என்பதை நினைவில் வையுங்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் சில குடியிருப்பாளர்களுக்குப் பலமான பாதுகாப்புக் கொடுக்கிறது. எப்போது எழும்புவார்கள் என்பதை எழுத்தில் வாங்கித் தர வேண்டியது சொந்தக்காரர். அந்தக் கேள்வியைக் குடியிருப்பவரிடமே கேட்டு அவர்களை நோகடிக்காதீர்கள்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விற்பவர் வீட்டில் இருந்து, ஆனால் அமர்ந்து இருப்பதைத்தான் நான் தேர்வேன். வாசலில் வரவேற்பது வீட்டுக்காரர். அறைகளைக் காட்டுவது புரோக்கரோ, பெருமையும் பதற்றமும் குறைந்த ஒரு மகனோ மருமகளோ. சுற்றி வந்த பிறகு ஹோலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்பது. விற்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: படுக்கையில் இருக்கும் வயதானவர் இருந்தால் அந்த அறையை முதல் நாளில் காட்டத் தேவையில்லை. “அப்பா படுத்திருக்கிறார், அடுத்த முறை பார்க்கலாம்” என்றால் நல்ல மனிதர்கள் கதவைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நகை, உறுதி, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். அது வருபவரைச் சந்தேகிப்பது ஆகாது, அவருக்கும் அதுதான் நிம்மதி.

நேரத்தை இங்கே லேசாக எடுக்கக்கூடாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி ஞாயிறு பின்னேரம். ஆனால் ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகுகாலம், சனி காலை 9 முதல் 10.30 வரை. உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், அந்த வீட்டு அம்மாவுக்கு இருக்கும். முதற்பேச்சு ராகுகாலத்தில் நடந்தது என்றால் பிறகு எது பிசகினாலும் காரணம் அதுதான். விளக்கு வைக்கும் நேரத்திலும் போகாதீர்கள். முஸ்லிம் வீடு என்றால் வெள்ளி மதியம் ஜும்ஆ நேரம் வேண்டாம். பெண்கள் அறை மாறி இருக்க அவகாசம் வேண்டும் என்பதால் சொன்ன நேரத்துக்கு முந்தியும் போக வேண்டாம், உங்களோடு ஒரு பெண்ணைக் கூட்டிப்போங்கள். அப்புறம், முடிந்தால் ஒக்டோபர், நவம்பர் மழை நாளொன்றில் இரண்டாவது தடவை பாருங்கள். ஊறலை மறைக்க எந்தப் பெயின்ற்றாலும் அப்போது முடியாது.

தேத்தண்ணி தந்தால் குடியுங்கள், முடியாவிட்டால் தண்ணீராவது. அது விலையைக் கூட்டாது. குடித்தபடி “ஏன் விற்கிறீர்கள்?” என்று மட்டும் நேராகக் கேட்காதீர்கள். கடன், பிள்ளைகளின் பிணக்கு, கணவரின் இழப்பு, இந்த நகரத்தில் 1983 ஆடிக் கலவரத்தைக் கண்டவர்களின் நினைவு, எது எந்த வீட்டில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. “எப்போது மாறுவதாக யோசிக்கிறீர்கள் அன்ரி?” என்று கேட்டால், சொல்ல விரும்பியதை அவரே சொல்வார். படம் எடுக்க முன் கேளுங்கள். சுவரில் உள்ள குடும்பப் படங்களும் கதவுப் பூட்டுகளும் படத்தில் விழாமல் பாருங்கள்.

விலை அந்த ஹோலில் வேண்டாம். “பேர்ச் என்ன விலை போகுது” என்று காணி அளவைக் கணக்கில் பொதுவாக ஆரம்பித்தாலும் அது பேரமாகத்தான் முடியும், ஆளின் முகத்துக்கு நேரே குறைத்துச் சொன்ன தொகை நெஞ்சில் தங்கிவிடும். அங்கே வாய்ச்சொல்லாக ஒத்துக்கொண்டதற்குச் சட்டத்தில் பெறுமதியும் இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். ஆகவே உற்சாகத்தில் அட்வான்ஸ் காசை மேசையில் வைப்பதும் வேண்டாம். வீட்டுக்காரர் தனியே கூப்பிட்டுப் “புரோக்கர் இல்லாமல் பேசுவம்” என்றால் மறுத்துவிடுங்கள். இவ்வளவு தூரம் கூட்டி வந்தவரின் கூலியை வெட்ட நினைக்கிறவர் நாளைக்கு உங்களிடம் எதை வெட்டுவார் என்று தெரியாது.

பிடிக்கவில்லை என்றால் ஓரிரு நாளுக்குள் சொல்லிவிடுங்கள். போனை எடுக்காமல் விடுவதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது, அது மிகவும் தவறு. நீங்கள் வருவீர்கள் என்று அடுத்த ஆளை நிறுத்தி வைத்திருப்பார்கள். “வீடு நல்ல வீடு ஐயா, எங்கள் அளவுக்குச் சரிவரவில்லை” என்று புரோக்கரிடம் சொல்லி விடலாம். வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கதைத்திருந்தால் அவருக்கே ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள்.