தரை நனையாத சாரல்: நான்கு கோடை மிஸ்டிங் அனுபவம்

அமெரிக்காவின் அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறோம். ஜூன் மாதம் சாயங்காலம் ஆறு மணிக்கும் பின்பக்க பேட்டியோவில் (வீட்டை ஒட்டி வெளியே உட்காரும் இடம்) 108 டிகிரி பாரன்ஹீட், அதாவது 42 செல்சியஸ் இருக்கும். வீடு வாங்கி இரண்டு வருஷம் அந்த இடம் செருப்பு கழற்றிப் போடத்தான் பயன்பட்டது.

2021ல் 40 டாலருக்கு ஒரு மிஸ்டிங் கிட் வாங்கினேன், தண்ணீரைச் சாரலாகத் தெளித்து இடத்தைக் குளிர்விக்கிற சாமான். தோட்டக் குழாயில் நேராக மாட்டுகிற வகை. குழாயில் வருவது 50, 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம்தான். துளி பெரிது, ஆவியாவதற்குள் தரைக்கு வந்துவிடும். நாற்காலி, மூக்குக்கண்ணாடி, பஜ்ஜித் தட்டு எல்லாம் ஈரம். ஒரே மாதத்தில் சாரல் தெளிக்கும் சிறு மூக்குகளில், அதாவது நாசில்களில், பாதி அடைத்துக்கொண்டது.

அடுத்த மார்ச்சில் 1,000 பிஎஸ்ஐ பம்புக்கு மாறினேன். ஆள் வைத்து மாட்ட 3,000 டாலருக்கு மேல் கேட்டார்கள். நானே மாட்டியதில் 1,300க்குள் முடிந்தது. ஒன்பது அடி உயரத்தில் இரண்டடிக்கு ஒன்றாக 12 நாசில். பம்ப் போடும் சத்தத்துக்கு அதை கராஜில் ரப்பர் பாய்மேல் வைத்துவிட்டேன். நாசில் மாட்டும் முன் குழாயில் தண்ணீர் விட்டு அலச வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. நான் செய்யவில்லை. குழாய் அறுத்த நைலான் துருவல் போய் முதல் நாளே நான்கு நாசில் அடைத்தது.

ஆனால் சரியாக ஓடத் தொடங்கியதும் ஆச்சரியம்தான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, சாரல் அடிக்குது, தரை நனையவே இல்லையே?" என்றார். "மண்பானை மாதிரிதாம்மா, தண்ணி ஆவியாகத் தேவையான சூட்டை காத்துலேருந்து எடுத்துக்குது" என்றேன். ஜூனில் உட்காரும் இடத்தில் 18, 20 டிகிரி பாரன்ஹீட் வரை இறங்கும். (தெர்மாமீட்டரைச் சாரலுக்கு நேராகத் தொங்கவிடாதீர்கள். நனைந்தால் இன்னும் குறைத்துக் காட்டும்.) காற்று வீசினால் குளிர்ச்சி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். 2023 ஜூன் கடைசியிலிருந்து 31 நாள் விடாமல் 110ஐ எட்டிக் கொளுத்தியபோது, உச்சி வெயிலில் இதைப் போட்டும் வெளியே உட்கார முடியவில்லை.

மழைக்காலத்தில் கதை வேறு. ஜூலைக் கடைசியில் தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்துவிட்டால் துளி ஆவியாகாது, வெறும் கசகசப்புத்தான். "மெட்ராஸ் மாதிரி ஆயிருச்சு, அணைச்சிடு" என்றார் அம்மா. அந்த நாட்களில் நானும் ஃபேன் மட்டும்தான் போடுகிறேன்.

இத்தனை வருஷத்தில் எனக்கு வேலை வைத்தது பம்ப் அல்ல, தண்ணீர். இங்கே குழாய்த் தண்ணீரில் கால்சியம் அதிகம். தண்ணீர் ஆவியாகும், உப்பு போகாது. கறுப்பு நாற்காலியிலும் கண்ணாடிக் கதவிலும் வெள்ளைப் பொடி படியும். சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி) தண்ணீருக்கு மாற்றினேன். பொடி நிற்கவில்லை, ஆனால் ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது. முன்பு சுரண்ட வேண்டியிருந்தது. பம்புக்கு முன்னால் 5 மைக்ரான் ஃபில்டர் கட்டாயம். நாசில் எண்ணிக்கையைப் பார்த்துக் கிட் வாங்காதீர்கள். நல்ல ஃபில்டர் இருக்கிறதா, அணைத்தவுடன் குழாயில் நிற்கும் தண்ணீர் வடிய வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். வடியாவிட்டால் நாசில் சொட்டிக்கொண்டே இருக்கும். வெயிலில் தேங்கிச் சூடாகும் தண்ணீரில் லீஜியோனெல்லா போன்ற கிருமி வளரும், நாம் அதைச் சாரலாக மூச்சில் இழுப்போம். சில நாள் ஓட்டாமல் வைத்திருந்தால் நான் முதலில் ஆளில்லாமல் இரண்டு நிமிஷம் ஓடவிடுகிறேன்.

தண்ணீர்ச் செலவு நாசில் ஒன்றுக்கு மணிக்குச் சுமார் 5 லிட்டர், ஆக 60 லிட்டர். பாலைவனத்தில் இருந்துகொண்டு இது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. அதனால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், ஒரு மணி நேர டைமர் வைத்து.

இந்த வாரம் பன்னிரண்டு நாசிலும் பழைய ஊறுகாய் பாட்டிலில் வினிகரில் ஊறிக்கொண்டிருக்கின்றன. மாட்டுவதற்குள் 105 வந்துவிடும் போலிருக்கிறது.