கிரியேட்டினின் 1.2-ஆ, 106-ஆ? பிடிஎஃப், சிடிஏ, ஃபயர்: ஓர் ஒப்பீடு

நம் ஊர் ஆய்வகத் தாளில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.2 என்று இருக்கும். அதே ரத்தத்தை இங்கிலாந்தில் பரிசோதித்தால் 106 என்று வரும். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், அங்கே லிட்டருக்கு மைக்ரோமோல். டாக்டருக்குப் பார்த்தவுடன் விளங்கிவிடும். கணினிக்கு விளங்குமா என்பது அறிக்கை பிடிஎஃப், சிடிஏ, ஃபயர் ஆகியவற்றில் எந்த வடிவில் வந்தது என்பதைப் பொறுத்தது.

பிடிஎஃப்பைப் பழிப்பது சுலபம். ஆனால் அது எந்தப் போனிலும் திறக்கும், அச்சில் வரி பிசகாது, நீண்டகாலச் சேமிப்புக்கென்றே பிடிஎஃப்/ஏ என்ற ஐஎஸ்ஓ தரமும் 2005 முதல் உண்டு. குறை ஒன்றுதான்: அதிலுள்ள 1.2 கணினிக்கு வெறும் எழுத்து. ஐந்து ஆண்டு அறிக்கைகள் கையில் இருந்தாலும், அளவு ஏறுகிறதா என்று அறிய யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்.

மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்குத் தரங்கள் வகுக்கும் எச்எல்7 அமைப்பின் சிடிஏ என்ற ஆவணத் தரம் இந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்தது. 2005-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு ஓர் எக்ஸ்எம்எல் ஆவணம்: மனிதர் படிக்கப் பத்தி, கணினி படிக்கக் குறியீடு. பத்திதான் முதன்மை. டாக்டர் எதைப் பார்த்துக் கையெழுத்திட்டாரோ அதையே பெறுபவரும் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். வினையும் அங்கேதான். குறியீடே இல்லாமல், உள்ளே ஒரு பிடிஎஃப்பை மட்டும் வைத்து அனுப்பினாலும் தரத்தின்படி அது சிடிஏதான். இன்னொரு சங்கடம்: பொட்டாசியம் அளவு மட்டும் வேண்டுமென்றாலும் முழு ஆவணத்தையும் வாங்கித் துழாவ வேண்டும்.

கிரஹாம் கிரீவ் என்ற ஆஸ்திரேலியர் 2011-இல் தொடங்கிய எஃப்எச்ஐஆர் தரம், பேச்சில் 'ஃபயர்', மருத்துவப் பதிவைத் துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு பரிசோதனை முடிவு ஒரு துண்டு. அதில் அளவு 1.2, அதன் அலகு, எந்தப் பரிசோதனை என்று சொல்லும் லாயின்க் குறியீடு 2160-0. மைக்ரோமோல் கணக்கென்றால் குறியீடே வேறு, 14682-9. ஆகவே 1.2-ஐயும் 106-ஐயும் கணினி குழப்பிக்கொள்ளாது. தேவையான துண்டை மட்டும் கேட்டு வாங்கலாம். முழு ஆவணம் வேண்டுமென்றால் 'காம்போசிஷன்' என்ற முகப்பை முதலில் வைத்து எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பலாம். சிடிஏ காத்த பத்திக்கும் அதில் இடம் உண்டு. தொல்லை என்னவென்றால், பல புலங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதால் ஒவ்வொரு நாடும் தனக்கென விதித்தொகுப்பு எழுதியாக வேண்டும்.

மருத்துவப் பதிவுகளை மின்மயமாக்கும் இந்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் ஃபயரின் நான்காம் பதிப்பை எடுத்துக்கொண்டு அப்படித்தான் எழுதியிருக்கிறது. பிடிஎஃப்பை அப்படியே உள்ளே வைத்து அனுப்பவும் அதில் வழி உண்டு. ஒற்றை டாக்டர் நடத்தும் கிளினிக்குக்கு அது போதும் என்பேன். ஆய்வகத்துக்கு அந்தச் சலுகை கூடாது. கருவியிலிருந்து எண்ணாகவே வந்ததைப் பிடிஎஃப்பாக்கித் தருவது, அரிசியை மாவாக்கிக் கொடுத்துவிட்டு மணிகளை எண்ணச் சொல்வது போல.

டிஸ்சார்ஜ் சம்மரிக்கு என் ஓட்டு ஃபயர் ஆவணத்துக்கு, பத்தியோடு சேர்த்து. 'கிரியேட்டினின் ஏறியதால் மருந்தைப் பாதியாக்கினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்' என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுவதில் எண்ணுக்குக் குறியீடு இருக்கிறது, 'ஏறியதால்' என்பதற்கு அந்தப் பத்திதான் இருக்கிறது.