மனுஷ மெஷினில் குதிரை ரத்தம்: பத்தாயிரம் போச்சு, செவலை பிழைத்தது

ஏற்காட்டிலும் சேலத்திலும் குதிரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஏரிப் பக்கம் சவாரிக்கு விடும் இரண்டு குதிரைகள்தான் என் குடும்பத்துக்குச் சோறு.

மார்ச் கடைசியில் என் செவலைப் பெட்டை மெலிய ஆரம்பித்தாள். கொள்ளும் புல்லும் வழக்கம்போலத் தின்றாள், ஆனால் விலா தெரிந்தது. சாயங்காலம் உடம்பு சுடும், இரண்டு நாளில் தானாகவே தணிந்துவிடும். பின்னங்கால்கள் வீங்கின. சீசன் நெருங்குகிற நேரம். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, சேலத்திலிருந்து பைக்கில் வந்து "அஞ்சு நிமிஷத்துல ரத்த ரிசல்ட்" கொடுப்பவரைக் கூப்பிட்டேன். ஒரு விசிட்டுக்கு 2,500 ரூபாய்.

புது ஆளைப் பார்த்ததும் அவள் மிரண்டு துள்ளினாள். அந்த ஆட்டத்திலேயே கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்துக் கையடக்க மெஷினில் வைத்தார். ஹீமோகுளோபின் 13.2. "ரத்தம் நல்லா இருக்குங்க, சர்க்கரைதான் 46, ரொம்பக் கம்மி" என்றார். சர்க்கரை பார்த்த மெஷின், என் அம்மாவுக்கு வீட்டில் பார்க்கிறோமே, அதே மெஷின்தான். சந்தேகப்பட்டு, அதே ரத்தத்தை இன்னொரு ஸ்ட்ரிப்பில் வைக்கச் சொன்னேன். 71 காட்டியது. "குதிரை ஆடுச்சில்லங்க, அதான்" என்றார். ஊசிக் குழாயில் இருக்கிற ரத்தம் எப்படி ஆடும்? அப்போதே அவரை அனுப்பியிருக்க வேண்டும். நான்கு தடவை வரவிட்டேன். நான்கு தடவையும் குளுக்கோஸ் பாட்டில்தான். ஒரு நாளும் தெர்மாமீட்டர் வைக்கவில்லை, கண் இமையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஐந்தாவது வாரம் செவலை படுத்தால் எழ முடியாமல் போனபோதுதான் அரசு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் முதலில் இமையைத் திறந்து காட்டினார். வெள்ளையாக வெளுத்திருந்தது. காய்ச்சல் 104 இருந்த அந்த நேரத்திலேயே காது நரம்பில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்தார், இதைத்தான் ஸ்மியர் என்கிறார்கள். ஒரு குழாய் ரத்தம் ஐஸில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனது. சர்ரா. கடி ஈக்கள் பரப்பும் டிரிபனோசோமா என்ற ரத்த ஒட்டுண்ணி. பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 21 சதவீதம். 30க்கு மேல் இருக்க வேண்டியது.

அப்படியானால் 13.2 எப்படி வந்தது? மருத்துவர் விளக்கிச் சொன்னார். குதிரை தன் சிவப்பணுக்களில் பெரும் பங்கை மண்ணீரலில் சேமித்து வைத்திருக்கும். மிரண்டாலோ ஓடினாலோ மண்ணீரல் சுருங்கி அத்தனையையும் ரத்தத்தில் கொட்டிவிடும். அந்த நேரத்தில் எடுத்தால் சோகை மறைந்துபோகும். சர்க்கரை விஷயம் வேறு. சிவப்பணுவிலும் பிளாஸ்மாவிலும் சர்க்கரை பிரிந்திருக்கும் அளவு மனிதருக்கு வேறு, குதிரைக்கு வேறு. மனிதருக்கென்று கணக்குப் போட்ட மெஷினை அப்படியே நம்ப முடியாது. அதோடு அந்த ஸ்ட்ரிப் டப்பா சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வெந்தபடி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தது. 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று பல டப்பாக்களின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

கையடக்க மெஷின் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. வயிற்று வலியில் துடிக்கும் குதிரைக்கு, ரத்தத்தில் லாக்டேட் என்ற பொருளை அளக்கும் லாக்டேட் மீட்டர் எவ்வளவோ உதவும் என்று அதே மருத்துவர்தான் சொன்னார். ஆனால் அது குதிரை ரத்தத்தில் சோதித்துப் பார்த்த மெஷினா என்று கேளுங்கள். ஒரே ரத்தத்தை இரண்டு தடவை வைக்கச் சொல்லுங்கள். குதிரை அமைதியான பிறகு எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்து வந்து போனால், காய்ச்சல் இருக்கும்போதே ஸ்மியர் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்மியரில் தெரியவில்லை என்பதால் சர்ரா இல்லை என்று ஆகிவிடாது, காய்ச்சல் இல்லாத நேரங்களில் அந்த ஒட்டுண்ணி ரத்தத்தில் கண்ணுக்கே படாமல் போகலாம்.

சர்ராவுக்கான குவினாபைரமின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டார்கள். போட்ட இடம் வீங்கி வலித்தது, ஆனால் காய்ச்சல் திரும்பவில்லை. இரண்டாவது குதிரைக்கும் ரத்தம் பார்த்தாயிற்று, அவனுக்கு ஒன்றுமில்லை. சீசன் முழுக்கச் செவலை கொட்டகையிலேயே நின்றாள். போன வாரம் பி.சி.வி. 29. இன்னும் சேணம் வைக்கவில்லை.